வெளிக்குப் போனாரா?

தலைப்பைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கிட்டு அடுத்த பதிவுக்கு ஓடிடலாம்னு நினைக்கறவங்க தாராளமா ஓடலாம். ஆனா வீட்ல அறுபது, எழுபது தாண்டின அப்பா, அம்மா, மாமனார், மாமியார் யாராவது இருந்தா ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து படிச்சுட்டுப் போங்க. சினிமா விமர்சனம், அரசியல், பயணக் கட்டுரைன்னு நாம எல்லாரும் எல்லாத்தையும் எழுதியாச்சு. இதை எழுதத்தான் ஆளைக் காணோம்.

விஷயம் இதுதான். பக்கவாதம் வந்து படுத்துட்ட பெரியவங்களுக்கு வர்ற மலச்சிக்கல்.

2015ல் வந்த 'பிக்கு' இந்திப் படத்துல அமிதாப் பச்சன் காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் தன் வயித்தைப் பத்தியே புலம்பிட்டிருப்பார். நானும் சிரிச்சேன். ஆனா அவரால வாய் திறந்து புலம்ப முடிஞ்சுது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர ஒரு பொண்ணு இருந்தா. பேச்சே போயிட்ட ஒரு மனுஷனுக்கு வயிறு அடைச்சா அவர் யார்கிட்ட, எப்படிச் சொல்லுவார்?

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. படிச்சது, டாக்டர்கள்கிட்ட கேட்டது, வீட்ல பார்த்தது மூணும் கலந்துதான் எழுதறேன். மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை.)

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கற டிஸ்சார்ஜ் பேப்பர்ல பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் இருக்கு. அதே பேப்பர்ல, மலம் போறதுக்கு என்ன ஏற்பாடு, எத்தனை நாள் போகலைன்னா என்ன செய்யணும்னு நாலு வரி கட்டாயம் இருக்கணும். ஆஸ்பத்திரியில இருக்கற வரைக்கும் நர்ஸ் தினமும் "மோஷன் போனாரா?"ன்னு கேட்டு சார்ட்ல எழுதறாங்க. ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வந்த நிமிஷத்தோட அந்தக் கேள்வி நின்னு போயிடுது.

இது சின்ன விஷயம் இல்லை

பக்கவாதம் வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு மலச்சிக்கல் வருதுன்னு ஆய்வுகள் சொல்லுது. ஏன் வருதுன்னு யோசிச்சுப் பார்த்தா, வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

நடமாட்டம் இல்லை. நடந்தாத்தானே குடலும் நகரும்? முழுங்கறதுல சிரமம் இருக்கறதால தண்ணி குறைஞ்சு போகுது. பொரியல், கூட்டு, கீரை எல்லாம் போய் ரசம் சாதம், இட்லி, கஞ்சின்னு ஆகிடுது, அதுல நார்ச்சத்து எங்கே இருக்கு? வயித்துத் தசைக்கு முக்கற பலம் இல்லை. 'வருது'ங்கற உணர்வே சிலருக்கு மங்கிப் போயிடுது.

இதுக்கு மேல மாத்திரைகள். கால்சியம், இரும்புச் சத்து, வலிக்குக் கொடுக்கற டிரமடால், நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கற அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததுக்குக் கொடுக்கற சில மாத்திரைகள், பிரஷர் மாத்திரைகள்ல வெராபமில், எல்லாமே குடலை மந்தமாக்கக் கூடியவை. (உடனே நிறுத்திடாதீங்க. மொத்த லிஸ்ட்டையும் எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டி, "இதுல வயித்தைக் கட்டறது எது?"ன்னு கேளுங்க.)

எல்லாத்துக்கும் மேல கூச்சம். மாமனார் மருமககிட்ட சொல்ல மாட்டார். அம்மா மகன்கிட்ட சொல்ல மாட்டாங்க. ராத்திரி யாரையும் எழுப்ப வேண்டாமேன்னு சாயங்காலம் 5 மணிக்கு மேல தண்ணியே குடிக்காம இருக்கற பெரியவங்க எத்தனை பேர் தெரியுமா? காலைல வரும்போது, எல்லாரும் ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் பறக்கற நேரம்னு அடக்கிக்குவாங்க. அடக்க அடக்க மலத்துல இருக்கற தண்ணியைக் குடல் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ரெண்டு நாள்ல கல்லாயிடும்.

முக்கினா என்ன ஆகும்? மூச்சைப் பிடிச்சு முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டுனு ஏறி இறங்கும். மூளையில ஒரு தடவை அடி வாங்கின மனுஷனுக்கு அது நல்லதில்லை. பசி போகும், தூக்கம் போகும், எக்ஸர்ஸைஸ் பண்ண ஒத்துழைக்க மாட்டார். பிசியோதெரபிஸ்ட் வந்து ஒரு மணி நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போவார்.

பேதி மாதிரி வந்தது

எங்க பெரியப்பாவுக்கு 74 வயசு. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, கால் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. திருச்சியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 11 நாள் இருந்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. நாலு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. நான் முழுக்கப் படிச்சேன். மலத்தைப் பத்தி ஒரு எழுத்து இல்லை.

மூணாவது வாரம் அவர் குணமே மாறிடுச்சு. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி விடறார். நல்லா இருக்கற இடது கையால பெரியம்மாவை அடிக்கறார். ராத்திரி முழுக்க 'ஊ... ஊ...'ன்னு ஒரு சத்தம். அதோட ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை படுக்கையிலேயே தண்ணி தண்ணியா போகுது. பெரியம்மாவுக்கு 68 வயசு. கழுவறதும் துணி அலசறதுமா இடுப்பே ஒடிஞ்சு போச்சு. பார்க்க வந்தவங்க எல்லாரும், "மூளை இன்னும் கொஞ்சம் போயிடுச்சு போல, அதான் இப்படிப் பண்றார்"னு சொல்லிட்டுப் போனாங்க. தெருமுனை மெடிக்கல் ஷாப்ல 'பேதி நிக்க'ன்னு ஒரு மாத்திரை கொடுத்தாங்க. ரெண்டு நாள்ல வயிறு பானை மாதிரி உப்பி, சிறுநீரும் நின்னுடுச்சு.

அந்த ஊர்ல ரொம்ப வருஷமா பிராக்டிஸ் பண்ற வயசான டாக்டர் ஒருத்தர் வந்தார். வயித்தை அமுக்கிப் பார்த்தார். கையுறை போட்டு ஆசன வாயிலையும் பரிசோதிச்சார். மொத்தம் ரெண்டு நிமிஷம்தான்.

"இது பேதி இல்லைம்மா. உள்ளே கல்லு மாதிரி அடைச்சிருக்கு. அதோட ஓரத்துல தண்ணி கசியுது, அவ்வளவுதான். கடைசியா ஒழுங்கா வெளிக்குப் போனது எப்போ?"

பெரியம்மா விரல் விட்டு எண்ணினாங்க. "ஆஸ்பத்திரியில இருந்தப்ப போனாங்க டாக்டர். இங்க வந்து... சரியா போன மாதிரியே தெரியலை."

அன்னிக்கும் மறுநாளும் எனிமா கொடுத்து, நர்ஸ் ஒருத்தர் வந்து பக்குவமா எடுத்து விட்டாங்க. சிறுநீர் தானா வந்துச்சு. மூணாம் நாள் பெரியப்பா இடது கையை வாய்கிட்ட கொண்டு போய் சாப்பாடு கேட்டார். அடிக்கறது நின்னுடுச்சு. மூளை கெட்டுப் போச்சுன்னு ஊரே முடிவு பண்ணின மனுஷன், வயித்து வலின்னு சொல்றதுக்கு வாயில்லாமத்தான் அத்தனை நாள் கத்தியிருக்கார்.

ஆங்கில மருத்துவத்துல இதை 'ஓவர்ஃப்ளோ'ன்னு சொல்றாங்க. பல நாள் போகாம இருந்துட்டுத் திடீர்னு தண்ணியா கசிஞ்சா, அதைப் பேதின்னு முடிவு பண்ணி நிறுத்தற மாத்திரை கொடுக்காதீங்க. முதல்ல டாக்டர் பரிசோதிக்கணும். மூத்திரப் பை மேல அந்த அடைப்பு அழுத்தறதாலதான் சிறுநீரும் நிக்குது. பதிவுல வேற எதையும் மறந்தாலும் இந்த ஒரு பாராவை மறந்துடாதீங்க.

என்ன செய்யலாம்?

1. எழுதி வைக்கறது. பால் கணக்கு குறிக்கற அதே மாசக் காலண்டர் போதும். போன நாளுக்கு ஒரு டிக், போகாத நாளுக்கு ஒரு கோடு. எப்படிப் போச்சுன்னும் ஒரு நம்பர் போடலாம். 1997ல் லூயிஸ், ஹீட்டன்னு ரெண்டு டாக்டர்கள் வெளியிட்ட பிரிஸ்டல் அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. மலத்தை ஏழு வகையாப் பிரிச்சிருக்காங்க. 1 ஆட்டுப் புழுக்கை மாதிரி, 4 வாழைப்பழம் மாதிரி வழுவழுன்னு, 7 வெறும் தண்ணி. 3, 4ல இருந்தா நல்லது. 1, 2ன்னா இறுகிடுச்சுன்னு அர்த்தம். இதைப் போன்ல சொன்னாலே டாக்டருக்குப் புரிஞ்சுடும். மூணு நாள் தொடர்ந்து கோடு விழுந்தா நாலாவது நாள் வரைக்கும் காத்திருக்காம டாக்டருக்குப் போன் போடணும். இதை வீட்டுச் சட்டமாவே வச்சுக்கலாம்.

2. நேரம். சாப்பிட்டதும் குடல் தானா அசையும், அது உடம்போட இயல்பு. காலையில அது இன்னும் பலமா இருக்கும். அதனால காலை டிபன் முடிஞ்ச அரை மணி நேரத்துக்குள்ள தினமும் உட்கார வைக்கணும். வந்தாலும் வராட்டாலும் ஒரு பத்து நிமிஷம். "வந்துச்சா, வந்துச்சா"ன்னு கதவைத் தட்டக் கூடாது. நமக்கே யாராவது வெளியே நின்னு கேட்டா வருமா என்ன? :-)

3. உட்கார்ற விதம். இதைத்தான் நம்ம ஊர்ல யாருமே யோசிக்கறதில்லை. வாழ்நாள் பூரா குந்தி உட்கார்ந்து பழகின உடம்பு. பக்கவாதம் வந்தப்புறம் குந்த முடியாது. அதனால பெட்பேன் வச்சுப் படுக்க வச்சே போகச் சொல்றோம். நீங்க ஒரு தடவை மல்லாந்து படுத்துக்கிட்டு முயற்சி பண்ணிப் பாருங்க, அப்பத் தெரியும். டாக்டர் உட்கார வைக்கலாம்னு சொல்லியாச்சுன்னா ஒரு கமோட் சேர் வாங்கிடுங்க. சர்ஜிக்கல் கடைகள்ல கிடைக்குது, பல ஊர்ல வாடகைக்கும் உண்டு. காலுக்குக் கீழே ஒரு மணைப் பலகை போட்டா முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் உயரும். லேசா முன்னால சாய்ஞ்சு, முழங்கை தொடையில ஊன்றின மாதிரி. கிட்டத்தட்ட குந்தற நிலை வந்துடும். விழுந்த கைப் பக்கம் ஒரு ஆள் பிடிச்சுக்கணும். பக்கத்துல ஒரு ஸ்கிரீனோ புடவையோ கட்டி மறைச்சிடுங்க. நடுக் கூடத்துல, வந்தவங்க போனவங்க முன்னாடி உட்கார வச்சா எந்த மனுஷனுக்கு வரும்?

4. தண்ணியும் சாப்பாடும். இதயத்துக்கோ கிட்னிக்கோ டாக்டர் தண்ணி அளவு சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. இல்லைன்னா காலையில ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா நிறையக் கொடுத்துடலாம், ராத்திரி எழுப்பற பயமும் குறையும். முழுங்க முடியுதான்னு சோதிச்சுப் பார்த்த பிறகுதான், நிமிர்த்தி உட்கார வச்சுத்தான் கொடுக்கணும். கீரையை மசிச்சு, காயைக் குழைய வேக வச்சு, பப்பாளியை மசிச்சு, உலர் திராட்சையை ஊற வச்சு அரைச்சுன்னு நார்ச்சத்தை உள்ளே அனுப்ப வழி இருக்கு. மிக்ஸி இருக்கற வீட்ல ரசம் சாதம் மட்டுமே கதின்னு இருக்க வேண்டியதில்லை.

5. மருந்து. மலத்துல தண்ணியைத் தக்க வைக்கற லாக்டுலோஸ் சிரப்பையோ, பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியையோ டாக்டர்கள் பெரும்பாலும் எழுதறாங்க. லாக்டுலோஸ் வேலை செய்ய ஒண்ணு, ரெண்டு நாள் ஆகும். நேத்து ராத்திரி கொடுத்தேன், காலைல போகலைன்னு பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சிலருக்குக் குடலைத் தூண்டற மாத்திரையோ, ஆசன வாயில வைக்கற மருந்தோ தேவைப்படும். அதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

என்ன செய்யக் கூடாது?

நம்ம ஊர் வைத்தியம் எல்லாம் நல்லதுதான்னு ஒரு நம்பிக்கை நமக்கு உண்டு. ஆரோக்கியமா நடமாடறவங்களுக்குச் சரி. பக்கவாத நோயாளிக்கு அதுவே வினையாகலாம்.

இசப்கோல் உமி: தண்ணியை உறிஞ்சி உப்பற சமாச்சாரம். ஒரு டம்ளர் தண்ணி முழுசா குடிக்க முடிஞ்சவங்களுக்குத்தான் அது. முழுங்கறதுல சிரமம் உள்ளவருக்குத் தொண்டையிலேயே உப்பி அடைச்சுக்கும். ஏற்கனவே அடைச்சுக் கிடக்கற குடல்ல அதைப் போட்டா அடைப்பு இன்னும் பெருசாகும்.

விளக்கெண்ணெய்: சின்ன வயசுல மூக்கைப் பிடிச்சு வாயில ஊத்தினது ஞாபகம் இருக்கா? வயசானவங்களுக்கு அது வயித்தை முறுக்கி, உடம்புல இருக்கற தண்ணியையும் உப்பையும் வெளியே தள்ளிடும்.

லிக்விட் பாரஃபின் கலந்த சிரப்: பல வீட்டு அலமாரியில இருக்கற மருந்துதான். ஆனா முழுங்கும்போது புரை ஏறறவங்களுக்கு அந்த எண்ணெய் நுரையீரல்ல இறங்கினா ஒரு வகை நிமோனியாவே வரும். டாக்டரைக் கேட்காமத் தொடாதீங்க.

குழாய் வழியா சாப்பிடறவங்களுக்கு மாத்திரையைப் பொடிக்கறது: பிசகோடில் மாதிரி மேல்பூச்சு உள்ள மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. திரவ மருந்தா கொடுங்கன்னு கேளுங்க.

கெட்டியாக்கின தண்ணி: புரை ஏறாம இருக்க, தண்ணியில ஸ்டார்ச் பொடி கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருப்பாங்க. அதுல பாலிஎத்திலீன் கிளைக்கால் மருந்தைக் கலந்தா கெட்டித்தன்மை போய்த் தண்ணியாவே ஆயிடும். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021ல் இதுக்காகவே எச்சரிக்கை விட்டுச்சு. ரெண்டும் உங்க வீட்ல இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

கடையில வாங்கி நாமளே கொடுக்கற பாஸ்பேட் எனிமா: ஒண்ணுல போகலைன்னு அன்னிக்கே ரெண்டாவது போடற பழக்கம் சில இடத்துல இருக்கு. வயசானவங்களுக்கும் கிட்னி பாதிச்சவங்களுக்கும் ரத்தத்துல உப்புகளோட அளவு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். 24 மணி நேரத்துல ஒண்ணுக்கு மேல வேண்டாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014ல் எச்சரிச்சது. அப்புறம் அந்த சோப்புத் துண்டு வைக்கறது, வெத்தலைக் காம்புல எண்ணெய் தடவி வைக்கறது எல்லாம் தயவு செஞ்சு வேண்டாம். இவங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க. விரலோ காம்போ பட்டுக் கீறினா ரத்தம் நிக்காது.

வயிறு உப்பி வாந்தி வந்தா, காத்துக் கூடப் பிரியலைன்னா, மலத்துல ரத்தம் வந்தா, தார் மாதிரி கறுப்பாப் போனா, காய்ச்சலோ திடீர்க் குழப்பமோ வந்தா கைவைத்தியம் எதுவும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரி.

ஒரே ஒரு தடவை கேட்டா போதுமா?

டாக்டர்களுக்கு நேரமில்லை, கூட்டம் அப்படின்னு சொல்லுவாங்க. உண்மைதான். அதுக்குத்தான் இந்த உதாரணம். 2004ல் 'ஸ்ட்ரோக்'ங்கற மருத்துவ இதழ்ல இங்கிலாந்து ஆய்வு ஒண்ணு வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு மலச்சிக்கலோ, அடக்க முடியாத பிரச்சனையோ இருந்த 146 பேர். அதுல ஒரு பிரிவினரை மட்டும் நர்ஸ் ஒருத்தர் ஒரே ஒரு தடவை முறையா விசாரிச்சு, பரிசோதிச்சு, வீட்டுக்காரங்களுக்கும் விளக்கிச் சொல்லி, கையில ஒரு சின்னப் புத்தகம் கொடுத்து, அவங்க டாக்டருக்கும் யோசனை எழுதி அனுப்பினாங்க. 6 மாசம் கழிச்சுப் பார்த்தா, அந்தப் பிரிவினருக்கு வாரத்துக்கு சராசரியா 5.2 தடவை போகுது. வழக்கமான கவனிப்புல இருந்தவங்களுக்கு 3.6 தடவைதான். புது மெஷின் இல்லை, விலை உசந்த ஊசி இல்லை. ஒரு நர்ஸோட கொஞ்ச நேரம்.

நம்மால முடியாதா என்ன? தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினாங்க. பிரஷர், சுகர் மாத்திரை, இயன்முறை சிகிச்சை எல்லாம் வீடு தேடி வர்ற மாதிரி போட்ட திட்டம். அப்படி வீட்டுக்குப் போற பெண் தன்னார்வலர் பிரஷர் பார்க்கும்போதே "கடைசியா எப்போ வெளிக்குப் போனார்?"னு ஒரு கேள்வி கேட்டு நோட்டுல எழுதினா என்ன செலவாகிடும்? தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் அதேதான். லட்சக்கணக்குல பில் போடறவங்க ஒரு பக்கம் அதிகமா பிரிண்ட் எடுக்க முடியாதா?

ஆஸ்பத்திரி மாறட்டும்னு நாம காத்திருக்கவும் வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில் கட்டற அவசரத்துலயும் இந்த நாலு கேள்வியைக் கேட்டுட்டு வாங்க: கடைசியா எப்போ போனார்? மலம் இளக என்ன மருந்து, எந்த அளவு? எத்தனை நாள் போகலைன்னா யாருக்குப் போன் பண்ணணும்? எப்படி உட்கார வைக்கணும்னு ஒரு தடவை செஞ்சு காட்டறீங்களா?

இந்த வேலையெல்லாம் கடைசியில யார் தலையில விழுதுன்னும் சொல்லணும். மனைவி, மகள், மருமகள். ஆம்பளைங்க மாத்திரை வாங்கவும் டாக்டர்கிட்ட பேசவும் முன்னால நிப்போம். பெட்பேன் எடுக்கற நேரத்துல போன் வந்துடும் நமக்கு. பெரியப்பா வீட்ல இப்ப என் அண்ணன் (பெரியப்பா பையன்) காலைல டிபன் முடிஞ்சதும் அவரைத் தூக்கி கமோட் சேர்ல உட்கார வைக்கறான். காலண்டர்ல டிக் போடறது பெரியம்மா. அப்பாவைத் தொட்டுத் தூக்கறது முதல் வாரம் கஷ்டமா இருந்துச்சாம். இப்ப பழகிடுச்சுங்கறான். பெரியம்மாவுக்கு இடுப்பு வலியும் குறைஞ்சிருக்கு.

மருத்துவப் பதிவர்கள் யாராவது படிச்சீங்கன்னா, விட்டுப் போனதையும் திருத்த வேண்டியதையும் பின்னூட்டத்துல சொல்லுங்க, பதிவுலயே சேர்த்துடறேன். வீட்ல பெரியவங்களைப் பார்த்துக்கறவங்க உங்க ஏற்பாட்டை எழுதுங்க. கூச்சமா இருந்தா அனானியா வந்து எழுதினாலும் சரி.

பி.கு: இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது "சாப்டீங்களா?"ன்னு கேட்டுட்டு வச்சுடாம, இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்க. முதல்ல "ச்சீ, என்னடா இதெல்லாம்"னு திட்டுவாங்க. அப்புறம் சொல்லுவாங்க.